நான்காம் அத்தியாயத்தில் காற்று இல்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைக் "காத்து படிக்கிற புள்ள" என்பார்கள். கம்பஸில் இருந்து லீவுக்கு வருகிறவர்களிடம் டீச்சர் வேலையா, பேங்க் வேலையா என்று கேட்பது வழக்கம். என்னிடமும் எங்களுக்கு மேல் வரிசை வீடுகளில், மேல்லயத்தில், இருக்கிற மீனம்மாக்கா கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "மலையைத் தாண்டும்போது காற்றில் எழும்பும் அலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்றேன்" என்று மேடையில் பேசுகிற மாதிரி சொல்லித் தொலைத்தேன்.

மீனம்மாக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "காத்துல என்னா புள்ள இருக்கு படிக்க? அடிச்சா அடிக்குது, நின்னா நிக்குது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்காக நான் அவரோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் ஆராய்ச்சி இதுதான். ஓடையில் ஒரு கல் கிடந்தால் அதைத் தாண்டுகிற தண்ணீர், கல்லுக்குப் பின்னாலும் கொஞ்ச தூரம் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகும். மலையைத் தாண்டுகிற காற்றும் அப்படித்தான். ஆனால் காற்றில் அந்த அலை மேலேயும் ஏறிப் போகும். போகிற வழியில் காற்றின் வேகமும் திசையும் மாறிக்கொண்டே இருக்கும். ஜூலை மாதத்தில் எங்கள் பக்கம் கீழே மேற்குக் காற்று. ஐந்தாறு கிலோமீற்றருக்கு மேலே போனால் கிழக்குக் காற்று. இரண்டுக்கும் நடுவில் காற்று நின்று திரும்புகிற ஒரு மட்டம் இருக்கிறது. மலையில் பிறந்த அலை அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் ஏற முடியாது. அங்கே அதற்கு என்ன ஆகிறது? இதுதான் கேள்வி.

அங்கேயே உடைந்து கரைந்து போகிறது என்பது என் பதில். அலை கரைந்துவிட்டால் மலைக்குப் பின்பக்கத்தில், அதாவது நுவரெலியாவுக்குக் கிழக்கே ராகலையில், எங்கள் தோட்டத்தில், காற்று அடங்கிக் கிடக்க வேண்டும். கணினியில் நான் போட்ட கணக்கு அப்படித்தான் காட்டியது. வண்ண வண்ணமாகப் படம் வேறு வந்தது. எங்கள் தோட்டம் இருக்கிற இடத்தில் அமைதியான நீல நிறம். அந்தப் படத்தை நான் போனில் முகப்புப் படமாக வைத்திருந்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரீட்சகர்கள் என் ஆய்வேட்டை ஏற்கனவே ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். கணக்கு அழகாக இருக்கிறது, தரையில் யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேட்டிருந்தார்கள். இன்னொரு முறை திரும்பினால் என் பதிவு ரத்து. அத்தனை வருடப் படிப்பும் போய், மூட்டையைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்து, மீனம்மாக்காவின் முகத்தில் விழிக்க வேண்டும். 

என் மேற்பார்வையாளர் டொக்டர் டோரீன். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், மலைக்கு மேற்கே மழை கொட்டுகிற நோட்டன் பிரிட்ஜ் பக்கம். துறையில் உருப்படியாக இருந்த ஒரே காற்றுமானியை அவர் எனக்குத் தந்தார். மூன்று சின்னக் கிண்ணங்கள், காற்றில் சுற்றும். எத்தனை முறை சுற்றுகிறது என்பது கம்பி வழியாக ஒரு பெட்டியில் பதிவாகும். அதை மடியில் வைத்துக்கொண்டு நுவரெலியாவில் இருந்து ராகலை பஸ்ஸில் வந்தேன். கொண்டக்டர் அதற்கும் டிக்கட் போடவா என்று கேட்டான். அவனையும் முறைத்தேன்.

எங்கள் லயத்துக் கூரை தகரம். தகரத்தின் மேல் கற்களும் தேய்ந்த லொறி டயர் ஒன்றும் இருக்கும். காற்றுமானியை நிறுத்தத் தோதான இடத்தில் ஒரு பெரிய கல் இருந்தது. நான் கூரையில் ஏறி அந்தக் கல்லை உருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் குட்டைக் கம்பி ஒன்றை அடித்துக் காற்றுமானியைப் பூட்டினேன். பதிவுப்பெட்டி வீட்டுக்குள், சாமிப் படத்துக்குப் பக்கத்தில். அந்தக் கல் கூரையில் ஏன் இருந்தது என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கீழே இறங்கி அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா மாயாண்டி, தேயிலைத் தொழிற்சாலையில், நாங்கள் ஸ்டோர் என்போம், உலர்த்துகிற மெசினில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மெசின் சம்பந்தமாக யாராவது ஒன்று சொன்னால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார்.

"அப்பா, இது கம்பஸ் சாமான். இது மட்டும் ஒடஞ்சிச்சு, என் படிப்பு அதோட முடிஞ்சிச்சு. வெளங்குதாப்பா?"

"வெளங்குதும்மா."

"கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துக்கணும்."

"நா பாத்துக்கிறேன். நீ நிம்மதியா போ."

நான் நிம்மதியாகப் போனேன்.

பருவக்காற்று முடிந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன். நுவரெலியாவில் காற்று சாதாரணமாக இருந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கூரையில் மெல்லிய காற்று. நுவரெலியாவில் காற்று பலமாக அடித்த நாட்களிலோ, எங்கள் கூரையில் பூச்சியம். ஒன்று அல்ல, அரை அல்ல, பூச்சியம். மணிக்கணக்கில் பூச்சியம். என் கணக்கு எங்கெல்லாம் அமைதி என்று சொன்னதோ அங்கெல்லாம் ஆடாமல் அசையாமல் பூச்சியம் வந்து உட்கார்ந்திருந்தது.

அடேயப்பா, அன்று நான் போட்ட ஆட்டம்! விடுதி அறையில் தனியாக ஆடினேன். டோரீன் மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தனுஜா, பூச்சியம்னா பூச்சியமேவா? கொஞ்சங்கூட இல்லையா?" என்றார்.

"மிஸ், ஒங்க ஊர் மழப்பக்கம். எங்க பக்கத்தப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது" என்றேன். மேற்பார்வையாளரிடம் இப்படிப் பேசுகிற மாணவியைப் பொறுத்துக்கொண்ட அந்தப் புண்ணியவதிக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

அந்தப் பூச்சியங்களைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். நான்காம் அத்தியாயம். "முழு அமைதி வலயம்" என்று அதற்குப் பெயரும் வைத்தேன். இலங்கையில் இதுவரை யாரும் கண்டுகொள்ளாத ஒரு நிகழ்வு என்று முதல் வரியிலேயே பீற்றிக்கொண்டேன். யாரும் கண்டுகொள்ளாததற்கு ஒரு நல்ல காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெளியில் இருந்து வந்த பரீட்சகர் பேராசிரியர் ரத்நாயக்க. நெட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதர். நேர்முகப் பரீட்சையில் நான்காம் அத்தியாயத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்:

"மேலே காற்று திரும்புகிற மட்டத்தில் அலை கரையாமல் திரும்பிக் கீழே வரலாம் அல்லவா? சுவரில் பட்ட பந்து மாதிரி? அப்படி வந்தால் மலைக்குப் பின்பக்கச் சரிவில் காற்று அடங்காது. கூரை பறக்கும்."

"தரவு அப்படிச் சொல்லவில்லை, சேர்."

"தரவு சரிதானா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சேர், நான் அங்கேதான் பிறந்தேன்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியானால் நல்லதாகப் போயிற்று. ஜூலையில் ஒரு நாள் போய்ப் பார்ப்போம். பார்த்துவிட்டு முடிவைச் சொல்கிறேன்" என்றார்.

ஜூலையில் ஒரு நாள் போனோம். பேராசிரியர், டோரீன் மிஸ், நான். மலை ஏறுகிற வழியில் இறம்பொடையில் மழை கொட்டியது. நுவரெலியாவில் தூறலும் பனிமூட்டமும். ராகலை வீதியில் போகப் போக வானம் வெளுத்து, ரோடு காய்ந்து, வெயில் அடித்தது. அதோடு காற்றும் அடித்தது. டர்பன்டைன் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்று ஆடின. எங்கள் தோட்டத்துப் பாதையில் வேன் நின்றதும் பேராசிரியர் கதவைத் திறந்தார். காற்று கதவை அவர் கையில் இருந்து பிடுங்கி வேனோடு அறைந்தது.

"அமைதி வலயம்" என்றார் அவர்.

"இது இந்த வளைவுல மட்டும் அடிக்கிற காத்து, சேர். கொஞ்சம் நடந்தா அடங்கிரும்" என்றேன். டோரீன் மிஸ் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நடந்தோம். அடங்கவில்லை. அந்தக் காற்றில் முகத்தில் மண் அடிக்க அடிக்க நான் "வந்திரும், வந்திரும்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனேன். என்ன வரும் என்று நினைத்தேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

லயம் தெரிந்தது. கூரை தெரிந்தது. கூரையில் காற்றுமானி இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெரிய கல் இருந்தது.

களவு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் கதவு திறந்து அப்பா வெளியே வந்தார். கம்பஸில் இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நெஞ்சோடு ஒரு துவாய்த் துண்டை அணைத்துப் பிடித்திருந்தார். துவாயை விலக்கிக் காட்டினார். உள்ளே காற்றுமானி.

"வாங்க சேர், வாங்க மிஸ். ஒண்ணும் பயப்படாதீங்க. பத்தரமா இருக்கு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா," என்றேன். "இத எப்பப்பா கழட்டுனீங்க?"

"இப்பத்தாம்மா. காத்து எடுத்திச்சில்ல."

"இதுக்கு முந்தி?"

"காத்து எடுக்கிறப்பல்லாம் கழட்டி உள்ள வச்சிருவேன். நின்னதும் கொண்டுபோய் மாட்டிருவேன். தகரம் தடதடங்க ஆரம்பிச்சா ஏறிருவேன். மொதல்ல இதக் கழட்டிட்டு, அந்த எடத்துல கல்ல வப்பேன். இல்லாட்டி தகரம் போயிருமே."

"எல்லாத் தடவையுமா?"

"பின்ன? ஒரு தடவகூட விடலம்மா. போன வருசம் அம்மன் தேர் வெளிய வந்தப்பகூட நா போகல, காத்து அடிச்சிச்சு. ஒங்கம்மாகூடத் திட்டுனா." பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பி, ஒரு நல்ல வேலைக்காரன் இன்னொருவனுக்குச் சொல்கிற மாதிரி சிங்களத்தில் சொன்னார், நன்றாகச் சுற்றட்டும் என்று இடைக்கிடை ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் விடுவதாக.

பேராசிரியர் காற்றுமானியை வாங்கி, கிண்ணங்களை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிறகு என்னிடம் சொன்னார்: "உங்கள் அப்பாவின் பயம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. காற்றுதான் பதிவாகவில்லை."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் வாய் ஏழு முழமாயிற்றே.

"யாருப்பா ஒங்களக் கழட்டச் சொன்னா? ஒங்களுக்கு எதுக்குப்பா இந்த வேல? என் படிப்பையே நாசமாக்கிட்டீங்களே!" என்று கத்தினேன். காற்றுச் சத்தத்தில் பக்கத்து வீடுகளில் எல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. மீனம்மாக்காவும் பார்த்தார்.

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒடஞ்சா ஒன் படிப்பு போயிரும்னு நீதானேம்மா சொன்ன" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கேட்கிற மாதிரித்தான் சொன்னார். எனக்கு அது புரியவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சொல்லப்போனார், பிறகு விட்டுவிட்டார். பேராசிரியர் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். தப்பு என் மேல், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அவளை மட்டும் பெயிலாக்கிவிடாதீர்கள் மாத்தயா என்று சிங்களத்தில் கெஞ்சினார்.

என் அப்பா யாரிடமும் அப்படிக் கை கூப்பி நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

அதற்குள் ஒரு பெருங்காற்று வந்தது. எல்லோரும் வீட்டுக்குள் ஓடினோம். கொழுந்து பறிக்கிற மலையில் இருந்து அம்மா அப்போதுதான் வந்து, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் தேத்தண்ணீர் ஊற்றினாள். மேலே தகரம் தடதடவென்று ஆடிய சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. பேராசிரியர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். தகரத்தை வளைமரத்தோடு சேர்த்துக் கட்டிய கம்பிகள் தெரிந்தன. அந்தக் கம்பிகளுக்குக் கீழேதான் நான் பிறந்தேன், படுத்தேன், பரீட்சைக்குப் படித்தேன். ஒவ்வொரு ஆடிக்கும் அந்தத் தடதடப்பைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள்தான் நான். நீல நிறப் படத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் மறந்துவிட்டு, இங்கே காற்றே இல்லை என்று ஆதாரத்தோடு எழுதினேன். கூரையில் இருந்த கல்லை என் கையாலேயே உருட்டிவிட்டு எழுதினேன்.

காற்று கொஞ்சம் தணிந்ததும் டோரீன் மிஸ் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "தனுஜா, பூச்சியம் வந்த மணித்தியாலத்தையெல்லாம் கருவி பழுதுன்னு போட்டு எடுத்துருவோம். நாலாவது அத்தியாயத்தச் சுருக்கிருவோம். எப்பிடியாவது சமாளிக்கலாம்."

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. சரி மிஸ் என்று சொல்ல வாய் வரை வந்தது. கருவி பழுது என்று எழுதினால், எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்த மனுசன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அப்பா மூலையில், துவாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சேர்," என்றேன். "கருவியில பழுதில்ல. அப்பா மேலயும் தப்பில்ல. பூச்சியம் வந்தப்ப ஏன்னு நான்தான் கேக்கல. எனக்கு அது வேணும்னு இருந்திச்சு, அதனால கேக்கல. நாலாம் அத்தியாயம் பொய்."

பேராசிரியர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். "பாஸ் போட முடியாது. இந்தப் பருவக்காற்று முடியும்வரை நேரம் தருகிறேன். அதற்குள் ஒழுங்காக அளந்து வந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் ரத்துதான்" என்றார். போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த நாளே வீட்டுக்குப் பின்னால் எங்கள் மரக்கறிப் பாத்திக்குள் உயரமான இரும்புக் கம்பம் ஒன்றை நட்டேன். உச்சியில் காற்றுமானி. கூரையில் கல் அதன் இடத்திலேயே இருந்தது. அப்பாவிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட போம்மா" என்றார். பிறகு அவரை உட்கார வைத்துச் சொன்னேன்: இனிமேல் என்ன காற்று அடித்தாலும் காற்றுமானியைத் தொடக் கூடாது, உடைந்தாலும் பரவாயில்லை. அவர் தலையை ஆட்டினார். உடைந்தாலும் பரவாயில்லை என்பது மட்டும் அவருக்கு ஏறவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

ஓகஸ்ட்டில் ஒரு மத்தியானம், நான் கம்பஸில் இருக்கும்போது போன் வந்தது. போனுக்குள் காற்று ஊளையிட்டது.

"தனு, பயங்கரமா எடுக்குதும்மா! கம்பம் ஆடுது. கழட்டிறட்டா?"

"வேணாம்பா."

"ஒடஞ்சிரும்மா!"

"ஒடயட்டும்பா. நீங்க உள்ள போயி கதவச் சாத்துங்க."

"அப்ப ஒன் படிப்பு?" என்றார்.

"இதுதாம்பா என் படிப்பு" என்றேன். அழுகை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பக்கத்து லயத்தில் இரண்டு வீட்டுத் தகரம் போயிருந்தது. காற்றுமானியில் ஒரு கிண்ணம் கழன்று தொங்கியது, ஆனால் பெட்டியில் எல்லாம் பதிவாகியிருந்தது. பேராசிரியர் சொன்னதுதான் சரி. அலை கரையவில்லை. மேலே போய், காற்று திரும்புகிற மட்டத்தில் மோதி, திரும்பி வந்து எங்கள் சரிவில் இறங்கியிருந்தது. என் நீலப் படத்தில் எங்கெல்லாம் அமைதி இருந்ததோ அங்கெல்லாம் ஊரிலேயே பெரிய காற்று. அழித்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஆனால் கையில் உண்மையான காற்று இருந்தது, அது போதும்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அந்தக் காற்றில் கம்பம் எப்படிச் சாயாமல் நின்றது?

"ஒங்கப்பாக்கிட்டயே கேளு" என்றாள் அம்மா.

அப்பா முழங்கையை மறைத்துக்கொண்டார். இரண்டு கையிலும் தோல் உரிந்து காய்ந்திருந்தது. கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காற்று நிற்கும் வரை பாத்திக்குள்ளேயே நின்றிருக்கிறார்.

"நா அதத் தொடலம்மா," என்றார் அவசரமாக. "சத்தியமா தொடல. கம்பத்த மட்டுந்தான் புடிச்சேன்."

நான் அவர் கையைத் திருப்பிப் பார்த்தேன். கோபம்கூட வரவில்லை.

புதிய நான்காம் அத்தியாயத்தில் அளவீட்டு முறையைச் சொல்கிற பகுதியில், "பலத்த காற்றின்போது கம்பம் அசையாமல் தாங்கப்பட்டது" என்று எழுதினேன். இரண்டாம் நேர்முகத்தில் பேராசிரியர் அந்த வரியில் பென்சிலை வைத்து, எதனால் தாங்கப்பட்டது, இழுவைக் கம்பியாலா என்று கேட்டார்.

"அப்பாவால, சேர்."

"அப்படியே எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அச்சான ஏட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மாயாண்டி என்று தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கவலையோடு கேட்டார்.

"நா தொடலங்கறத எழுதுனியா?"

"எழுதியிருக்கேம்பா" என்றேன். எழுதியிருக்கவில்லை, ஏடும் ஏற்கனவே அச்சாகிவிட்டது. பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில், அவர் கருவியைத் தொடவில்லை என்று எழுதினேன்.